கழுத்தின் பின்புறம்

கடை முதலாளி எவாரிஸ்து
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நீட்டினார்.
"கழுத்தைத் துடைத்துக்கொள் கிராசியேத்,
வருகிறவர்கள் பார்க்கிறார்கள்."
துடைத்தேன்.
பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது.

அழுக்கில்லை அது.
உள்ளே யாரோ நெடுநாளாகக் கதவு தட்டுகிறார்கள்.
அந்தச் சத்தம் தோலில் கறுத்திருக்கிறது.

பிறந்து ஒன்பது நாள் எனக்குப் பெயரில்லை.
செவிலி ஆண் என்றாள்.
மருத்துவர் பொறுங்கள் என்றார்.
பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது.
பத்தாம் நாள் வாந்தி.
உடம்பின் உப்பெல்லாம் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்ததாம்,
அவெய்ரோவில்,
சன்னலைத் திறந்தால்
உப்புக் குவியல்கள் கண்கூசும் ஊரில்.

அப்பா வேலை பார்த்த பாத்தியின் உப்பையே
மருத்துவமனை சொன்ன அளவில்
பாலில் கரைத்துக் கொடுத்தாள் அம்மா.
ஆளுக்கொரு பிழை தந்தவர்களும் அவர்கள்தான்,
இருவருக்கும் தெரியாமல்.
ஒரே எழுத்துப்பிழை, இரண்டு பக்கத்திலும்.
இருந்தாலும் உப்பிட்டவர்கள்.
உள்ளளவும் நினைக்கிறேன்,
காலை எட்டுக்கும் மதியம் இரண்டுக்கும்
இரவு பதினொன்றுக்கும்
ஒவ்வொரு மாத்திரையோடு.

நாற்பத்தொரு வயதில் இப்போது சர்க்கரை.
கொயிம்பராவில் டாக்டர் நொயேமியா
பூட்டும் சாவியும் வரைந்தார்.
எல்லாரும் அதையேதான் வரைகிறார்கள்.
சாவிக்குப் பஞ்சமில்லை டாக்டர், கொத்துக் கொத்தாக இருக்கிறது.
கதவுக்குத்தான் காது மரத்துவிட்டது.

"எதனால்?"
"கொஞ்சம் உங்கள் நோயால்.
கொஞ்சம் நான் எழுதித்தரும் மாத்திரையால்."
முகத்தைப் பார்த்துச் சொன்னார்.
அதற்காகவே அவரைப் பிடித்தது.

"குறைத்தால்?"
"மீசை அரும்பும். மாதவிலக்கு தப்பும்."
"நிறுத்தினால்?"
அவர் பேனாவை மூடினார்.
என் கைப்பையில் எப்போதும் ஓர் ஊசி இருக்கிறது,
சிவப்பு அட்டையில் பெயரும்.

வேலையோ மிட்டாய்க் கடையில்.
முட்டை மஞ்சளைச் சர்க்கரைப் பாகில் கிண்டி
சிப்பி போல், மீன் போல், நத்தை போல் வார்த்த
காகித மெல்லிசு அப்பளக் கூடுகளில் அடைக்க வேண்டும்.
கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
எனக்குத் தின்னாமலிருக்கக் கூலி.
ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்:
பதம் பார்க்கிறேனென்று பதினேழு தடவை
விரலை நக்கியிருக்கிறேன்.
எண்ணும்வரை ஒரு தடவைகூட நக்கியதாக நினைவில்லை.
இப்போது கம்பிப் பதத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கிறேன்.
இரண்டு முறை பாகு முறிந்தது.
சம்பளத்தில் பிடித்தார் எவாரிஸ்து.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின்
கால்வாய் ஓரமாக உப்பளம்வரை நடக்கிறேன்.
நடக்கும் தசை
யாரும் தட்டாமலே திறந்துகொள்ளுமாம்.
அதை மட்டும் டாக்டர் படம் வரையாமல் சொன்னார்.
சேறு நாறுகிறது, முழங்கால் வலிக்கிறது.
போர்த்தோ ரயில் போகிறது.
முந்தாநாள் மழையில் பாதியில் திரும்பிவிட்டேன்,
இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

நாளைக்குக் கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போவேன்.
மறுபடி பஞ்சை நீட்டினால்
வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி,
அவருடைய கல்லாப்பெட்டியைத் துடைத்து வைப்பேன்.
பஞ்சைக் காட்டவும் காட்டுவேன்.

மணி பதினொன்று.
தண்ணீர் எங்கே வைத்தேன்.