எண்பத்து நான்காம் பாலம்

ஐம்பத்தேழு அடி நீளம்,
ஏழடிக்கு இரண்டங்குலம் குறைவான அகலம்:
நாங்கள் குடியிருக்கும் இரும்பு.
பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் கட்டக் கூடாது
என்பது கால்வாயின் சட்டம்.
பகலில் தூங்கியாக வேண்டும்
என்பது டெலித்தின் வேலை.

க்ரூ மருத்துவமனையில் இரவு ஷிப்ட் முடித்து
எட்டே முக்காலுக்கு வருவாள்.
சைக்கிளைக் கூரையில் கிடத்துவாள், குளிப்பாள், படுப்பாள்.
நான் கயிற்றை அவிழ்த்துச் சாவியைத் திருப்பினால்
அவள் தலையணைக்குப் பதினெட்டடி பின்னால்
முப்பத்தெட்டு வயது டீசல்
பாத்திரக் கடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கும்.
கரண்டிகள் ஆடும். கண்ணாடித் தம்ளர்கள் பல்லைக் கடிக்கும்.

போன மார்ச்சில் அது உயிரை விட்டது.
அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.
புகை கண்ணில் பட்டது.

ஆட்லமில் பட்டறை வைத்திருக்கும் பெரில் டஃப்னெல்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்:
நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவாய்?
ஆற்றில் இறங்குவாயா?
குளிர்காலத்தில் எங்கே கட்டுவாய்?
டாக்டரிடம் குடிப்பழக்கத்தைச் சொல்பவன்போல்
எல்லாவற்றிலும் பாதிதான் சொன்னேன்.

முழுக்க மின்சாரம், என்றேன். சத்தமே கூடாது.

வுட்சீவ்ஸ் பள்ளத்தில்
ஜூன் மாதமே வெயில் விருந்தாளி, என்றாள்.
டிசம்பரில் உன் சோலார் தகடுகள்மேல் வாத்து உட்காரலாம்.

பெரில் கொடுத்த கணக்கை
டெலித்தின் சம்பளக் கவரின் பின்பக்கம் எழுதினேன்:
நாற்பத்தெட்டு வோல்ட், பேட்டரிகள், கேபிள், கூலி.
அடியில் ஒரு தொகை. அதை மட்டும் கொஞ்சம் சின்னதாக.

டெலித் நைட்டியோடு நின்று படித்தாள்.
பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கு வெந்நீர்?

இன்ஜின் சூட்டில்தான் அந்தத் தொட்டி காய்கிறது.
எட்டு மணிக்கு முன் ஓட்டக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.
எட்டடித்ததும் முடுக்குவேன்.
அவள் வருவதற்குள் நாற்பத்தைந்து நிமிடம்.
இதை நான் சொன்னதில்லை. அவள் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருஷமா, என்றாள் மெதுவாக,
நான் திட்டித் தீர்த்த சத்தமா
எனக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தது?

அதனால் இரண்டும் வாங்கினோம்.
சின்ன டீசல் ஒன்று, மோட்டார் ஒன்று, ஒரே தண்டு.
எது சுற்ற வேண்டும் என்று சொல்ல ஒரு நெம்புகோல்.
பதினேழாயிரத்து நானூறு பவுண்டு.
அதில் ஆறாயிரம் அவளுடைய இரவுகள்.

முதல் நாள். காலையில் டீசல்; அவள் குளித்தாள்.
அவள் படுத்ததும் நெம்புகோலைத் தள்ளினேன்.
கரை மட்டும் நகர்ந்தது.
நீரெலி ஒன்று தண்ணீரில் விழுந்தது கேட்டது.
என் முழங்கால் மடங்கியது கேட்டது.
தூண்டிலை மடக்க நேரமில்லாத ஒருவர்
கழுத்தில் மணியாவது கட்டிக்கொண்டு வாயேன் என்று கத்தியதும்
நன்றாகவே கேட்டது.

பதினொன்றரைக்குப் பின்கதவு திறந்தது.
போர்வையும் அவளும்.
நின்றுவிட்டோமா?
போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.
வேலி பின்னால் போவதைப் பார்த்தாள், நம்பாமல்.

வார்டில், என்றாள்,
எல்லா இயந்திரமும் ஒரே நேரத்தில் அடங்கினால்
நான் ஓட வேண்டும்.

நெம்புகோலில் கை வைத்தேன்.
வேண்டாம், என்றாள். அதற்கா இவ்வளவு பணம்?
கதவு திறந்தே இருக்கட்டும். நீ ஏதாவது பேசு.

என்ன பேச?

எண்பத்து மூன்றாம் பாலம் வருகிறது, என்றேன்.
இடது பக்கம் ஒரு பச்சைப் படகு,
கூரையில் மூன்று மூட்டை கரி.
நாரை ஒன்று. அதே நாரையாகத்தான் இருக்க வேண்டும்,
எனக்கு முன்னால் போய்ப் போய் நிற்கிறது.
வலது பக்கம் பசுக்கள், பதினொன்று, இல்லை,
படுத்திருப்பதோடு பன்னிரண்டு.
மழை வரும்போல.

உள்ளிருந்து பதில் இல்லை.
குரலைக் குறைக்கலாமா என்று யோசித்தேன்.
குறைக்கவில்லை.
எண்பத்து நான்கு, என்றேன்.