உப்புத் தண்ணீர்

கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது.
வில்லாபுரத்து போர் தண்ணீரில்தான்
இன்றைக்கு நிழல் கரைக்கிறேன்.

பாதி சாத்திய ஜன்னல், கொடியில் ஈரத்துண்டு,
பெரியாஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து
சீருடையோடு பாயில் விழுந்த ஜெசிந்தா.

வெயிலுக்கு என்னிடம் வர்ணம் இல்லை.
அது விழுகிற இடத்தைத் தொடாமல் விடவேண்டும்,
அவ்வளவுதான்.
சிவப்புத் தரையில் கோணலாய் ஒரு கட்டம்,
அதற்குள் அவள் குதிகால்.
இரண்டையும் காகிதமாகவே விட்டேன்.

சுவருக்கு நீலமும் காவியும் குழைத்து
ஒரே இழுப்பில் இறக்கினேன்.
காயக் காய
திட்டுத் திட்டாய்ப் பொரிந்தது நிழல்.
உப்பு.
பக்கெட் விளிம்பில் தினமும் நான் தேய்க்கிற
அதே உப்பு.

கிழிக்கப் போனவள்
சுவரை நிமிர்ந்து பார்த்தேன்.
அங்கேயும் பூத்திருந்தது.

பத்தரைக்கு வெயில்
பாயைத் தாண்டி பக்கெட்டுக்குப் போனது.
ஜெசிந்தா புரண்டு
காலை இழுத்துக்கொண்டாள்.
"மூஞ்சிய வரையாத புள்ள, வீங்கிக் கெடக்கு."

முகம் நிழலுக்குள்தான் இருக்கிறது
என்று சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

தரையில் இப்போது குதிகால் இல்லை.
தாளில் அதற்கு விட்ட வெள்ளை,
ஓரம் மட்டும்
இன்னும் ஈரமாய்.