பின்கண்ணாடி

எங்கள் ஊர்ப் பேரில் பட்டினம் இருக்கிறது,
கடல் இல்லை.
காவேரிப்பட்டினம். காவேரியும் இல்லை,
ஓடுவது தென்பெண்ணை, அதுவும் சில மாதம்.

கருங்கல் ஏற்றித் துறைமுகம் போகும் அப்சல்
திரும்பும்போது நாலு கேனில் கடலைக் கொண்டுவந்தார்,
ஒரே ஒரு தடவை.
'உப்பு பாக்கெட்லயே கிடைக்குதாமே, அத வாங்கிக்கம்மா,
கேபினெல்லாம் பிசுபிசுங்குது.'

வாங்கினேன்.
போர் தண்ணீரில் கலக்கினேன்.

அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான்.
முன்பற்களில் பழுப்புக் கோடாய் நிற்கிறது அது,
எந்தப் பேஸ்டுக்கும் அசையாமல்.
தொட்டியில் அதற்குப் பொறுமை இல்லை.
மூன்றாவது வாரமே பாறைக்கு முடி முளைத்துவிட்டது.
பச்சை முடி.
மோட்டார் தள்ளுகிற பக்கமெல்லாம் சாய்ந்து
குளித்துவிட்டு வந்தவள் உலர்த்துவதுபோல்.
அழகுதான்,
அடியில் பவளம் மூச்சுவிட முடியாமல் மூடிக்கிடக்கிறது என்பதை
மறந்துவிட்டால்.

கிருஷ்ணகிரியில் எனக்கு வேலை, டயாலிசிஸ் பிரிவு.
ஆறு மெஷின். பின்னறையில் ஆர்.ஓ.
மீட்டரில் நாலு காட்டும், நல்ல நாளில் மூன்று.
எங்கள் வீட்டுக் குழாய்க்கு ஆயிரத்து நூறு.
ஒரு சாயங்காலம் கேனை எடுத்துப்போய்
அந்தக் குழாய்க்கடியில் வைத்தேன்.
வெளியே எடை மெஷின்மேல் கெம்பம்மா,
'ஒரே டம்ளர்தான் குடிச்சேன் தாயி'
என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள்,
முள் மூன்று கிலோ கூடக் காட்டிக்கொண்டிருந்தது.
யார் யாரைத் திட்டுவது?
காலிக் கேனோடு பஸ் ஏறினேன்.

சீட்டு எடுத்து வீட்டுக்கொரு ஆர்.ஓ. மாட்டினோம்.
தண்ணீர் சுத்தமானது.
பாசி குறையவில்லை.

பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன்.
சிரிஞ்சில் பெராக்சைடு எடுத்து,
மோட்டாரை நிறுத்தி, வேரில் விட்டேன்,
நரம்பு தேடுகிற அதே கையால்.
மூன்று நாள் போர்வை போர்த்தி இருட்டில் வைத்தேன்.
நத்தைகள் விட்டேன். ராத்திரி மல்லாந்து விழும்,
எழுந்து நிமிர்த்திவிட வேண்டும்.
அப்படி எழுந்த ராத்திரியில்தான் பார்த்தேன்:
மாம்பழக்கூழ் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த முனிராஜ்,
கால்கூடக் கழுவாமல்,
சிட்டிகை சிட்டிகையாகத் தீனி தூவிக்கொண்டிருக்கிறார்.
'கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறக்குது.
என்னன்னு சொல்றது அதுகிட்ட?'

நான் எட்டு மணிக்குப் போட்டது அவருக்குத் தெரியாது.
தெரியும் என்று நினைக்கிறேன்.

பாஸ்பேட்.
வார்டில் நாள் முழுக்க அதே பேச்சு,
பால் வேண்டாம், கடலை வேண்டாம், கலர் வேண்டாம்.
வீட்டில் அதற்கே இரும்புத்தூள் வாங்கி
குழாயில் அடைத்து ஓடவிட்டேன்.
டெஸ்ட் குப்பியில் நீலம் வெளுத்து, வெளுத்து,
வெறும் தண்ணீர் நிறமாயிற்று.
சுழியம்!
முனிராஜை எழுப்பிக் காட்டினேன்.

பத்தாம் நாள் பச்சை போனது.
பன்னிரண்டாம் நாள் பவளமும்,
ஓரத்திலிருந்து, சுண்ணாம்பு மாதிரி.
வெறுமையான பாறையில் பழுப்பாக ஒரு சளி,
நூல் நூலாய், குமிழ் பிடித்து.

எந்த நோயாளியின் ரத்தத்திலும்
நாங்கள் அதைச் சுழியம் ஆக்குவதில்லை.
கூடாது. முதல் வருடப் பாடம்.
அதைத் தொட்டி முன்னால் உட்கார்ந்து
எப்படி மறந்தேனோ.

தூளைப் பாதியாக்கினேன்.
முனிராஜுக்கு ஒரு வேளை தீனி,
அவர் கையால், எனக்கு எதிரில்.
ஞாயிறு தோறும் பாறை முடியை விரலால் பிடுங்கி
டியூபில் உறிஞ்சி வெளியே விடுகிறேன்.
பின்கண்ணாடியை மட்டும் தேய்ப்பதில்லை.
அங்கே வளரட்டும், நத்தைகளுக்கு.
வந்தவர்கள் கேட்டால்
பாதி சுத்தம் பண்ணினதாகவே நினைத்துக்கொள்ளட்டும்.

பிரஷ்கள் ஒரே டம்ளரில் நிற்கின்றன,
நீலம் தொட்டிக்கு, சிவப்பு எனக்கு.
இன்று கரண்ட் இல்லாத விடியலில்
மாற்றி எடுத்துவிட்டேன் போல.
கரித்தது.
துப்பாமல்
முன்பற்களைத் தேய்த்து முடித்தேன்.