சணல் நூல்

முதலில் கோட்டைக் கழற்றுங்கள்.
பூட்ஸையும்.
ஜனவரி உலான்பாட்டரில்
மனிதர் பாதி, கம்பளி பாதி.
கூட்டமில்லாத ஒரு நாள்
யாரோ மாட்டிவிட்டுப் போன ஆட்டுத்தோல் அங்கியைத்
தனியே நிறுத்துப் பார்த்தேன்:
ஐந்து கிலோ நானூறு.
அதை எவர் உடம்பிலும் எழுதிவிடக் கூடாது.

பிறகு கணக்கு எளிது.
உயரத்தை உயரத்தாலேயே பெருக்கு,
வந்ததைக் கொண்டு எடையை வகு.
அட்டவணையில் பச்சை, மஞ்சள், சிவப்பு.

தாஷ்ஞாம் வந்தார்.
மல்யுத்தத்தில் மாகாணத்தின் யானை என்று பட்டம் வாங்கியவர்.
ஏறியதும் மேடை முனகியது.
நூற்றுப் பதினெட்டு கிலோ;
முப்பத்தைந்து புள்ளி ஆறு.
"யானைக்கு என்ன நிறம் போடுவீர்கள்?"
தொடையில் அறைந்து காட்டினார்,
கதவைத் தட்டியதுபோல் கேட்டது.
தசை எது கொழுப்பு எது என்று
மேடைக்குத் தெரியாது.
அதற்குப் பாதம் மட்டுமே பழக்கம்.

அடுத்தவர் நெர்குய்.
நிலக்கரிக் கிடங்கில் கணக்கெழுதுகிறார்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள்
'பெயரில்லை'.
முன்பிறந்தவை தங்காத வீட்டில்
கெட்டது எதுவும் வந்து கூப்பிடாமலிருக்க வைப்பது.
அறுபத்தாறு கிலோ.
இருபத்திரண்டு புள்ளி எட்டு. பச்சை.
'இயல்பு' என்ற முத்திரைக்குக் கை போனது.

ஏனோ நூலை எடுத்தேன்,
மருந்துப் பெட்டி கட்டிவந்த சணல்.
உச்சியிலிருந்து குதிகால்வரை அளந்து வெட்டி,
இரண்டாய் மடித்து,
இடுப்பைச் சுற்றினால்
முனைகள் சந்திக்க வேண்டும்.
சந்திக்கவில்லை.
நடுவில் நான்கு விரல்.
குச்சிக் கைகால்களுக்கு இடையே
தொளதொளச் சட்டைக்குள்
வயிறு ஒளிந்திருந்தது.
பெயரில்லாதவரையும்
எதுவோ கண்டுபிடித்துவிட்டது,
கூப்பிடாமலே.

நியாயம் வேண்டுமே என்று
யானையையும் திரும்ப அழைத்தேன்.
அவருக்கும் இரண்டு விரல் போதவில்லை.
மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.
"மறுபடி" என்றேன்.
விட்டார். மூன்று விரல்.
அதன்பின் நிறத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில்
'முதற்கட்டச் சோதனை' என்று அச்சிட்டிருக்கிறது.
ஆறு வருடமாக அந்த வரிமேல்தான்
என் தேநீர்க் கோப்பை.

இருவர் ரத்தமும்
ஒரே தட்டில் குளிர்கிறது.
முடிவு வெள்ளிக்கிழமை.

நெர்குய் அங்கியை மாட்டி,
பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
கதவருகே நின்றார்.
"என்னை என்ன என்று எழுதியிருக்கிறீர்கள்?"

முத்திரை மை
காய்ந்துகொண்டிருந்தது.
"இன்னும் எழுதவில்லை" என்றேன்.