வருகைப் பதிவேடு

பள்ளி இரண்டு மணிக்கு என்றார்கள்.
சாப்பிட்டு, கை கழுவி,
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.
காவலாளி பூட்டை ஆட்டிக் காட்டினார்.
பிள்ளைகள் அப்போதே கலைந்து
மாடு மேய்க்கப் போய்விட்டார்கள்.

இங்கே கடிகாரம் விடியலில் தொடங்குகிறது.
சூரியன் ஏறி இரண்டு மணி ஆனால்
மணி இரண்டு, அவ்வளவுதான்.
நாழிகை எண்ணியவர்களின் வழியில் வந்த நான்
நள்ளிரவில் நாள் பிறக்கிறது என்பதை
இத்தனை வருடமாக
ஒரு கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன்.

தெப்ரே தாபோருக்கு மேலே,
யூகலிப்டஸ் புகை மணக்கும் குளிரில்
எட்டாம் வகுப்பு. எழுபத்தொரு பேர்.
முதல் வாரம் ஒரு பெண் எழுந்து
"வெளியே போகலாமா டீச்சர்?" என்றாள்.
தலையை ஆட்டினேன், நம்முடைய ஆட்டல்,
இரு தோளுக்கும் நடுவே ஊசலாடும் ஒரு சரி.
உட்கார்ந்துவிட்டாள்.
மறுபடி கேட்டாள், மறுபடி ஆட்டினேன்.
மூன்றாம் முறை
அழுதுகொண்டே ஓடினாள்.

பெயர்கள் மட்டும் எனக்குச் சிரமம் தரவில்லை.
பிள்ளையின் பெயர், பிறகு அப்பன் பெயர்.
என் பெயருக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாகக் குறுகி நின்ற என் அப்பா
இங்கே முழுசாகப் பின்னால் வந்து நின்றார்.

"கெட்னெட் அலெம்னே."
சத்தம் இல்லை.
மற்றவர்கள் நான் சொல்லிக்கொடுத்தபடி
ஆங்கிலத்தில் கத்தினார்கள், கூரைத் தகரம் அதிர.
தலை நிமிராமல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன்.
அடுத்த நாளும் ஒரு கோடு.
பத்தொன்பது கோடுகள்.

நோட்டுப் புத்தகக் கட்டு வந்தபோது
ஒழுங்காக வருகிறவர்களுக்கு மட்டும் என்று
பட்டியல் போட்டதும் நான்தான்.

மறுநாள் அவன் அம்மா யெஷாலெம் வந்தாள்.
வெள்ளைப் போர்வையின் நுனியை மடியில் நீவிக்கொண்டு
தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள்.
"உங்கள் மேசைக்கு நேர் எதிரே
தினமும் உட்காருகிறானாமே" என்றார்
அத்தோ முலுகேத்தா.

கூப்பிட்டுக் கேட்டேன்:
"தினமும் வந்தாயா?"
புருவம் உயர்ந்தது.
ஐஸ் தண்ணீரில் கால் வைத்தவன்போல்
சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தான். ஹா.
பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.
"ஆம் என்கிறான்" என்றார் முலுகேத்தா.

நான் வெளியே விட்டுச் சொல்வதை
இவர்கள் உள்ளே இழுத்துச் சொல்கிறார்கள்.
தண்ணீரைக் கொதிக்க வை,
இடது கையால் கொடுக்காதே என்ற
தன்னார்வலர் கையேட்டின் நாற்பது பக்கத்தில்
இது எங்கும் இல்லை.

பத்தொன்பது முறை அவன் எனக்கு
ஆம் சொல்லியிருக்கிறான்.

வெள்ளை பூசி அழிக்கலாமே என்றார். வேண்டாம் என்றேன்.
ஒவ்வொரு சிவப்புக் கோட்டின் மேலும்
பொடி எழுத்தில் எழுதினேன்: வந்தான். வந்தான். வந்தான்.
ஏழாவதில்தான் கவனித்தேன்,
எழுதிக்கொண்டிருந்தது தமிழில்.
முலுகேத்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"உங்கள் எழுத்துக்கும் கால் முளைக்கிறதே" என்றார்,
தன் மொழியின் எழுத்துகளை மேசையில் விரலால் வரைந்து காட்டி.
மீதியையும் அப்படியே எழுதச் சொன்னார்.
மாவட்ட அதிகாரி வந்தால்
அவர் பாடு.

புதன்கிழமை. கறி கூடாத நாள்.
யெஷாலெம் வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி ஐந்து பேர்.
நோட்டைப் பற்றி அவள் பேசவில்லை,
என் பையிலிருந்த நோட்டை நானும் எடுக்கவில்லை,
எப்படி எடுப்பது என்று தெரியாமல்.
இஞ்செராவைக் கிழித்து, பருப்புக் குழம்பில் புரட்டி,
உருட்டி, என் வாயருகே கொண்டுவந்தாள்.
வாங்கிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.
இரண்டாவது உருண்டை காத்திருந்தது.
ஒரு வாயோடு நின்றால் பகை என்றான் கெட்னெட்.

"இன்னும்?" என்றாள் அவள்.
வாய் நிறையச் சோறு. பேச வழியில்லை.
புருவத்தை உயர்த்தி
மூச்சை உள்ளே இழுத்தேன்.

புரையேறிவிட்டது.

எங்களூரில் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.
அதைச் சொல்ல எனக்கு அம்ஹாரிக் போதவில்லை,
மூச்சும்தான்.
கண்ணில் நீர் முட்ட இருமிக்கொண்டிருந்தேன்.
கெட்னெட் எழுந்து வந்து முதுகில் தட்டினான்,
தேவைக்குக் கொஞ்சம்
அதிகமாகவே.