உயரமான டம்ளர்

நாற்பத்தொன்றாம் எண் கோப்பு
என்னிடம் வருமுன் மூன்று பேரைப் பார்த்துவிட்டது.
முதல் இருவர் இப்போது இல்லை.
அட்டையில் ஒரு காபிக்கறை,
யார் வைத்துப்போன கோப்பையோ.

முதல் தாள்: 1953, ஹாப்சாலு, மழலையர் பள்ளி.
பெயர் ஹில்யா. வயது நான்கு.
இரண்டு கிண்ணத்தில் ஒரே அளவு பால்.
ஒன்றை மட்டும் அவள் கண்ணெதிரே
உயரமான டம்ளருக்கு மாற்றி
எதில் அதிகம் என்று கேட்டிருக்கிறார்கள்.
உயரத்தில், என்றிருக்கிறாள்.
பென்சிலில் சின்னதாக: ‘இன்னும் வரவில்லை.’

ஏழு வயதில் வந்துவிட்டது.
‘இரண்டும் ஒன்றுதான்.’
கேட்டவரை இரக்கத்தோடு பார்த்தாள் என்றும் இருக்கிறது.
பரிசு, ஒரு மிட்டாய்.

பதினாலில் பால் இல்லை, கேள்விகள் மட்டும்.
பேருந்தில் எல்லோரும்
தன் காலணியையே பார்ப்பதாகச் சொல்கிறாள்.
எல்லோரும் என்றால்
ஓட்டுநரையும் சேர்த்து ஆறு பேர்.
அம்மாவைப் பற்றிய கேள்விக்கு நேரே
தாள் கிழியுமளவு அழுத்திய ஒரு கோடு.

இருபத்துமூன்றில் எங்கு திறந்தாலும் ‘நாங்கள்’.
நாங்கள் கடலோரம் வீடு பார்க்கிறோம்.
எங்களுக்கு மீன் பிடிக்காது.
பிடிக்காதது ஆர்வெட்டுக்குத்தான் என்பது
முப்பத்தெட்டாம் வயதுத் தாளில் தெரிகிறது.
தனியாக வந்தாள்,
பையில் புகையிட்ட விலாங்கின் வாசம், என்று
யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள்.
அந்தக் கைக்கு என் வணக்கம்.

நாற்பத்தாறுக்குள் நாடு மாறி, நாணயம் மாறி,
கேள்வித்தாளின் மொழியே மாறியிருந்தது.
‘உங்கள் வாழ்க்கையை நடத்துவது யார்?’
பதில்: நெடுநேரச் சிரிப்பு.

ஐம்பத்தைந்தில் அம்மா போய்விட்டாள்.
‘இருமினால், யார் இருமுவது என்று
திரும்பிப் பார்க்கிறேன்.’
அதற்கு மதிப்பெண் போடக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி, வட்டமிட்டு,
அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எனக்கு வாய்த்தது எழுபத்தைந்து.
பிப்ரவரி. விரிகுடா உறைந்து கிடந்தது.
கோப்பில் அவள் என்றே படித்துப் பழகியவர்
கதவைத் திறந்ததும் அவர் ஆகிவிட்டார்.
நான் பட்டியலை எடுக்குமுன்
‘பால் விளையாட்டு இல்லையா?’ என்றார்.

தானே கிண்ணங்களை எடுத்தார்.
அளந்து, மாற்றி ஊற்றும்போது கை லேசாக ஆடியது.
மேஜையில் சிந்தியதை விரலால் தொட்டு
நாக்கில் வைத்துக்கொண்டார்.
குனிந்து பார்த்தார், நெடுநேரம்.
‘உயரத்தில்தான் அதிகம்.’

எனக்கு வயிற்றில் புளி கரைந்தது.
மறதிக்கான சோதனைத் தாளைத் தேடி
கை பைக்குள் போய்விட்டது.

‘பதறாதே, ஒன்றுதான் என்று தெரியும்.
ஏழு வயதில், எனக்கு முன்னால் போன எண்டெல்
கதவருகே காதில் சொன்னான்:
ஒன்றுதான்னு சொல்லு, மிட்டாய் தருவாங்க.
அறுபத்தெட்டு வருடமாகச் சரியாகச் சொல்லிவருகிறேன்.
என் கண்ணிடம்தான்
இன்னும் யாரும் சொல்லவில்லை.’

பென்சில் கட்டத்தின் மேலேயே நின்றது.
சரியா, தவறா, இரண்டுமா?
வெளியே பனிமேல் யாரோ நாயை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்யா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.
விருந்தாளிக்கு அல்லவா
அதிகமானதைக் கொடுக்க வேண்டும்.