லயத்தை நெடுக்காகப் பிடிப்பது

பணம் போடுகிறவர் கொழும்பில் சொன்னார்:
படுக்கைப் படம் இனி யாருக்கும் வேண்டாம்,
போனை நிமிர்த்திப் பிடி, ஒரு நிமிடத்துக்குள் முடி.
தலையாட்டிவிட்டு ஹட்டன் பஸ் ஏறினேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே அந்த லயம்
நூறு வருசமாகப் படுத்தே கிடக்கிறது.
பன்னிரண்டு காம்பரா, ஒரே தகரம், ஒரே கான்.
நிமிர்த்திய திரைக்குள் அது வரவில்லை.
பின்னால் போனேன்; தேயிலை முதுகில் குத்தியது.
இன்னும் போனால் பள்ளம்.
எட்டுக் கதவு சட்டகத்துக்கு வெளியே நின்றது.
மேலே வேண்டாத வானம்,
கீழே வேண்டாத சேறு.

ட்ரோனும் கொண்டுவந்திருந்தோம்.
டிலுக்ஷன் அதை ஏற்றியதும்
மலையில் கொழுந்தெடுத்தவர்கள் நிமிரவே இல்லை,
கை மட்டும் வேகமானது.
தோட்டத் துரை மேலேயிருந்து ஆள் எண்ணுகிறார்
என்று நினைத்தார்களாம்.
அப்போதே இறக்கச் சொன்னேன்.
அதற்குள் மூட்டம் விழுந்து
இறங்க இடம் தெரியாமல் அது கத்திக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மழைக்கு ஒதுங்கி
நாலாம் காம்பராவுக்கு எதிரே குந்தியிருந்தேன்.
மடியில் கிடந்த போன்
தன்பாட்டுக்குக் கதவைப் பார்த்தது.
அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே ஒரு கதவு:
கீழே படி, மேலே காய்ந்த மாவிலை,
நடுவில் பாக்கியநாதன்
நனைந்த தீப்பெட்டியோடு சண்டை போடுகிறார்.

அப்படியானால் பன்னிரண்டு படம்.
விரல் தள்ளினால் அடுத்த வீடு.
லயம் பக்கவாட்டில் போகிறது, விரல் மேலே போகிறது;
அந்தக் கோணலை நான் சரிசெய்யவில்லை.
நடுச்சுவர் கூரைவரை எட்டாது.
ஐந்தாம் வீட்டு இருமல்
நாலாம் படத்திலேயே கேட்கும்.
வெட்டும்போது அதுதான் எனக்குப் பாலம்.

ஏழில் பூட்டு.
புஷ்பகாந்தி குவைத்துக்குப் போய் நாலு வருசம்.
"எழுதிக் குடுத்தா மெஷினே உள்ள காட்டும் அக்கா"
என்றான் டிலுக்ஷன்.
கோயில் வளைவில்தான் சிக்னல்.
அங்கே குடைக்குள் நின்று எழுதினோம்:
சிமெந்துத் தரை, கரி ஏறிய சுவர், சாமிப்படம்.
முதலில் ஒரு பங்களா தந்தது.
பிறகு கூடையோடு வீட்டுக்குள் நின்று
பல் தெரியச் சிரிக்கிற ஒருத்தியை.
ஒன்பதாம் தடவை அறை மாதிரி ஓர் அறை,
ஆனால் பின்சுவரில் ஜன்னல்,
ஜன்னல் நிறைய வெயில்.
இந்த லயத்தில் எந்த வீட்டுக்கும் பின்ஜன்னல் கிடையாது.

வீடு அவளுடையது, அவளுக்கே அனுப்பினேன்.
திட்டு வரும் என்று காத்திருந்தேன்.
இரவு பதினொன்றரைக்குக் குரல் வந்தது:
"கட்டில் எங்களது இல்ல. சாமி அந்தப் பக்கம் இல்ல.
ஜன்னல மட்டும் அழிச்சிறாதீங்க.
அப்பா ரெண்டு தடவ எழுதிக் குடுத்தாரு,
தோட்டத்துல ஒத்துக்கல்ல.
அது எத்தன அடி வரும்னு
கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

மெஷினிடம் அடிக்கணக்கு இல்லை.
அது செய்த அறையை அழித்தேன்.
லயத்துக்குப் பின்னால், மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே
உடம்பைச் சரித்து நுழைந்தோம்,
டேப்பும் சோக்குக் கட்டியும் எடுத்துக்கொண்டு.
ஈரச்சுவரில் சோக்கு பிடிக்கவில்லை.
செங்கல் துண்டால் கீறினான்:
இரண்டரைக்கு மூன்று.
காலில் அட்டை ஏறியதை
முடித்த பிறகுதான் பார்த்தோம்.

ஏழாம் படத்தில்
நாற்பது விநாடி பூட்டு, அவள் குரல்.
பிறகு பன்னிரண்டு விநாடி அந்தக் கோடு.
இது என்ன என்று பணம் போட்டவர் கேட்டார்.
ஜன்னல் என்றேன்.
ஒன்றும் தெரியவில்லையே என்றார்.

உண்மைதான்.
எட்டாம் வீட்டுப் பிள்ளை ஏழாம் வாய்ப்பாடு சொல்வது மட்டும்
அந்தக் கோட்டு வழியாக வருகிற மாதிரிக் கேட்கிறது.
ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கி
மறுபடி முதலிலிருந்து.